தொட்டிலில் இலத்தீன்

ஆறு வயது கடந்த பின்னரும் தனக்குப் பிரெஞ்சு மொழியோ, தான் பிறந்த பெரிகோர் பிரதேசத்தின் பேச்சுமொழியோ, அரபு மொழி விளங்கிய அளவுக்கு மேல் விளங்கவில்லை என்று எழுதியிருக்கிறார் மிஷேல் த மொந்தேன். பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர் ஒருவர், தன் காதுக்கு முற்றிலும் அந்நியமான மொழி எது என்று சொல்லத் தேடியபோது அவருக்கு உடனே கிடைத்த உதாரணம் அரபுதான். அரபெழுத்தோடு வளர்ந்த நமக்கு அந்த வரியைக் கடந்து போவது அத்தனை எளிதல்ல. ஆயினும் அதைவிட வியப்பானது அந்த வரியின் மறுபக்கம். பிரெஞ்சு நாட்டில், பிரெஞ்சுத் தகப்பனுக்குப் பிறந்து, பிற்காலத்தில் பிரெஞ்சு உரைநடையையே மாற்றியமைத்த அந்த மனிதரின் முதல் மொழி பிரெஞ்சு அல்ல. ஓராயிரம் ஆண்டுகளாக எந்தத் தாயும் தன் பிள்ளையைத் தாலாட்டியிராத இலத்தீன்தான் அவருடைய தொட்டில் மொழி.

இது எப்படி நிகழ்ந்தது என்பதைப் பார்க்க முன்னர் அந்த வீட்டைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மொந்தேன் குடும்பம் பரம்பரைப் பிரபுக் குடும்பமல்ல. பொர்தோ துறைமுகத்தில் வைனும் உப்பிட்ட மீனும் சாயப் பொருளும் விற்றுப் பணம் சேர்த்த ரமோன் எய்க்கெம் என்ற வணிகர் 1477இல் மொந்தேன் என்ற நிலக்கிழமையை வாங்கினார். மிஷேல் அவருடைய கொள்ளுப் பேரன். 1533 பெப்ரவரி 28இல் பிறந்தவர். தகப்பன் பியேர் எய்க்கெம், மன்னன் முதலாம் பிரான்சுவாவின் இத்தாலியப் போர்களுக்குச் சென்று திரும்பியவர். இத்தாலியில் அவர் கண்டவை போர்க்களங்கள் மட்டுமல்ல. அங்கே பழைய உரோம, கிரேக்க நூல்களைத் தோண்டியெடுத்துக் கொண்டாடிக்கொண்டிருந்த ஒரு புதிய கல்வியின் வாசனையையும் பிடித்துக்கொண்டு வந்தார். ஆனால் அவர் படித்தவரல்ல. கற்றோரை வீட்டுக்கு அழைத்து உபசரிப்பார், அவர்கள் வாயிலிருந்து வருவதை வேதவாக்காகக் கொள்வார், ஆனால் அவருக்குச் சொந்தமாகக் கல்வியறிவு கிடையாது என்று மகனே பதிந்திருக்கிறார். ஒரு தலைமுறையில் செல்வம் சேர்த்து, அடுத்த தலைமுறையில் பட்டம் வாங்கி, அதற்கடுத்த தலைமுறைக்கு மொழி வாங்கித் தர முற்பட்ட குடும்பம் என்று இதைச் சொன்னால் தவறாகாது. நமது ஊர்களிலும் வர்த்தகக் குடும்பங்கள் ஆங்கிலத்தை நோக்கி நகர்ந்த வரலாறு அறிந்தவர்களுக்கு இந்தத் தகப்பனைப் புரிந்துகொள்வது கடினமல்ல.

அக்காலத்தில் இலத்தீன் இல்லாமல் எதுவும் இல்லை. தேவாலயம், நீதிமன்றம், பல்கலைக்கழகம், மருத்துவம், தூதுவர் கடிதம், எல்லாமே அந்த மொழியில்தான் நடந்தன. அதைக் கற்க ஒரு சிறுவன் ஏழெட்டு ஆண்டுகள் பாடசாலையில் இலக்கணச் சூத்திரங்களை மனனம் செய்தான், பிரம்படி வாங்கினான். பியேர் எய்க்கெம் பலரிடம் விசாரித்தார். பண்டைய உரோமரும் கிரேக்கரும் எய்திய உயரத்தை நாம் எய்தாமைக்குக் காரணம், அவர்களுக்குச் சும்மா வாய்த்த மொழிகளைக் கற்பதற்கே நாம் இத்தனை ஆண்டுகளைச் செலவிடுவதுதான் என்று அவர்கள் சொன்னார்களாம். மகன் இந்தக் காரணத்தை முழுமையாக நம்பவில்லை. தகப்பன் நம்பினார்.

ஆகவே பிள்ளைக்கு நாக்குப் புரள்வதற்கு முன்னரே ஜேர்மனியர் ஒருவர் பெருஞ்சம்பளத்தில் வரவழைக்கப்பட்டார். அவர் இலத்தீனில் வல்லவர். பிரெஞ்சில் ஒரு சொல்லும் தெரியாதவர். அந்த அறியாமையே அவருடைய பிரதான தகைமை. பிற்காலத்தில் பிரான்சில் பேர்பெற்ற வைத்தியராகி இறந்தார் என்று மொந்தேன் கூறுகிறார். (அன்றைய ஐரோப்பிய மருத்துவ பீடங்களில் இப்னு ஸீனாவின் அல்கானூன் இலத்தீன் மொழிபெயர்ப்பில் பாடநூலாக இருந்தது. 'இலத்தீன் கல்வி' என்று ஐரோப்பா பெருமையோடு சொன்னதற்குள் அரபிலிருந்து போனவை எவ்வளவு என்பதை வேறொரு கட்டுரையில்தான் எழுத வேண்டும்.) அவருக்கு உதவியாக, அவரளவு படிக்காத இன்னும் இருவர் அமர்த்தப்பட்டனர். மூவரும் பிள்ளையோடு இலத்தீனில் மட்டுமே பேசினர்.

வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு ஒரு சட்டம் விதிக்கப்பட்டது. தகப்பனோ, தாயோ, ஏவலாளோ, பணிப்பெண்ணோ, பிள்ளையின் முன்னிலையில் தாங்கள் கற்றுக்கொண்ட சில இலத்தீன் சொற்களைத் தவிர வேறெதையும் பேசக்கூடாது. விளைவு வேடிக்கையானது. தாயும் தகப்பனும் புரிந்துகொள்ளப் போதுமான இலத்தீனைக் கற்றுக்கொண்டார்கள். வேலையாட்களும் கற்றுக்கொண்டார்கள். வீட்டு மதிலைத் தாண்டி அயல் கிராமங்களுக்கும் அது வழிந்தோடியது. கைவினைஞர்களுக்கும் அவர்களுடைய கருவிகளுக்கும் வழங்கிய சில இலத்தீன் பெயர்கள் பல்லாண்டுகள் கழித்தும் அந்தக் கிராமங்களில் புழங்கின என்கிறார் மொந்தேன். புத்தகமில்லை, இலக்கணமில்லை, விதியில்லை, பிரம்பில்லை, கண்ணீருமில்லை. ஆசிரியருக்கு எவ்வளவு சுத்தமான இலத்தீன் தெரியுமோ அவ்வளவும் பிள்ளைக்கு வந்துவிட்டது. கலப்படம் செய்ய அவனிடம் வேறு மொழி இருக்கவில்லை அல்லவா! குழந்தையைத் திடீரெனத் தட்டி எழுப்பினால் அதன் மூளை கலங்கும் என்ற நம்பிக்கையில், ஒவ்வொரு காலையும் இசைக்கருவி வாசித்து அவனை எழுப்பினார்களாம்.

இந்தக் கதையை ஐரோப்பியக் கல்வி வரலாறுகள் பெரும்பாலும் தகப்பனின் கதையாகவே சொல்கின்றன. எனக்கு அந்தத் தாயைப் பற்றித்தான் கேட்கத் தோன்றுகிறது. அந்துவானெத் த லூப் என்பது அவர் பெயர். ஸ்பானிய யூத வம்சத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறிய குடும்பமொன்றின் வழிவந்தவர் என்பர். தன் பிள்ளையோடு தன் நாவுக்குப் பழகிய மொழியில் ஒரு வார்த்தை பேசத் தடைவிதிக்கப்பட்ட தாய். பிள்ளை விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு அழுதுவரும்போது எந்த இலத்தீன் சொல்லைத் தேடியிருப்பார்? மகன் தன் உடம்பின் கல்லடைப்பு நோயிலிருந்து தன் பூனைவரை எழுதிய எழுத்தாளர். தகப்பனைப் பற்றி மிகுந்த பாசத்துடன் பல இடங்களில் எழுதுகிறார். தாயைப் பற்றிய குறிப்புகளோ மிக அரிது. மகன் 1592இல் இறந்த பின்னரும் அந்தத் தாய் உயிரோடிருந்தார். மொழிச் சட்டத்துக்கும் இந்த மௌனத்துக்கும் தொடர்பு உண்டென்று நிறுவ முடியாது. ஆனால் வாசிக்கிறவர் மனதில் அது உறுத்தாமலும் இராது.

பியேர் எய்க்கெமுக்கு யோசனை சொன்னவர்கள் வெறுங்கையோடு சொல்லவில்லை. முதலாம் நூற்றாண்டில் உரோமில் வாழ்ந்த குவிந்திலியன் என்ற ஆசிரியர், பிள்ளைக்கு முதலில் கிரேக்கத்தைத் தொடங்குங்கள், இலத்தீன் சுற்றுப்புறத்திலிருந்து தானாக வந்துவிடும் என்று எழுதியிருந்தார். அவர் காலத்தில் இலத்தீன்தான் வீட்டு மொழி, கிரேக்கம்தான் கற்றோர் மொழி. ஆனால் நீண்டகாலம் கிரேக்கம் மட்டுமே பேசவைத்தால் பிள்ளையின் சொந்த மொழியில் அந்நிய ஓசை ஏறிவிடும் என்றும் அவர் எச்சரித்திருந்தார். மொந்தேனின் தகப்பனுக்கு யோசனை சொன்னவர்கள் அந்த இரண்டாம் பாதியைக் கேட்டதாகத் தெரியவில்லை. மொந்தேன் பிறப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1529இல், இராஸ்மஸ் குழந்தைக் கல்வி பற்றிய தன் நூலை வெளியிட்டார். பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்கும் ஆசிரியர்களை அதில் கடுமையாகச் சாடினார். ஆங்கிலேயர் ஒருவர் வில்வித்தையில் ஆசையுள்ள தன் மகனுக்கு எழுத்துகளையே இலக்குகளாக வைத்து, சரியாக எய்து எழுத்தின் பெயரையும் சொன்னால் செர்ரிப் பழம் கொடுத்தார் என்ற கதை அந்த நூலில்தான் வருகிறது.

விளையாட்டு வழி எல்லா இடத்திலும் பலித்துவிடவில்லை. மொந்தேனுக்குக் கிரேக்கத்தையும் பலகையில் காய் நகர்த்தும் விளையாட்டுப்போலக் கற்பிக்க முயன்றார்கள். அது தேறவில்லை. தனக்குக் கிரேக்கம் கிட்டத்தட்ட ஒன்றுமே தெரியாது என்று அவர் பின்னர் ஒப்புக்கொள்கிறார். இலத்தீன் வீடாக இருந்தது. கிரேக்கம் வீட்டுக்குள் வந்த இன்னொரு பாடம், அவ்வளவுதான்.

ஆறு வயதளவில் எல்லாம் முடிந்தது. இத்தாலியிலிருந்து யோசனை கொண்டுவந்தவர்கள் அப்போது தகப்பனின் அருகில் இருக்கவில்லை. முன்னே பறப்பதைத் தொடரும் கொக்குகளைப்போல ஊர் வழக்கத்தையே பின்பற்றி, மகனை பொர்தோவின் கியேன் கல்லூரியில் சேர்த்துவிட்டார். அது அன்றைய பிரான்சின் தலைசிறந்த கல்லூரிகளுள் ஒன்று. அங்கு கற்பித்த புக்கானன், மியூரே போன்றோர் ஐரோப்பாவெங்கும் பெயர் பெற்ற இலத்தீன் புலவர்கள். அவர்களே இந்தச் சிறுவனோடு பேச்சுத் தொடுக்கத் தயங்கினார்களாம். மற்றப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சில் பாடம் கொடுத்து இலத்தீனாக்கச் சொல்வார்கள். இவனுக்கோ கொச்சை இலத்தீனில் கொடுத்து நல்ல இலத்தீனாக்கச் சொல்ல வேண்டியிருந்தது. ஏழெட்டு வயதில் ஓவிடின் கதைகளை ஒளித்து வைத்துக்கொண்டு வாசித்தான். ஆயினும் கல்லூரி வாசலில் கால் வைத்த கணத்திலிருந்து தன் இலத்தீன் கெடத் தொடங்கியது, பின்னர் பழக்கமின்மையால் பேசும் திறனையே இழந்தேன் என்று எழுதுகிறார் மொந்தேன். பதின்மூன்றாம் வயதில் அவர் கல்லூரியை விட்டார்.

இங்கே காலத்தின் ஒரு விளையாட்டைக் கவனிக்க வேண்டும். 1539 ஓகஸ்ட் மாதம் மன்னன் பிரான்சுவா வில்லர்-கொத்ரே என்ற இடத்தில் ஓர் ஆணை பிறப்பித்தான். இனி நீதிமன்றத் தீர்ப்புகளும் பத்திரங்களும் இலத்தீனில் அன்றிப் பிரெஞ்சுத் தாய்மொழியிலேயே எழுதப்பட வேண்டும் என்பது அதன் ஒரு விதி. மொந்தேனுக்கு அப்போது வயது ஆறு. எந்த ஆண்டில் அந்தப் பிள்ளை பிரெஞ்சு கேட்கத் தொடங்கியதோ ஏறக்குறைய அதே ஆண்டில் அரசாங்கமும் பிரெஞ்சு பேசத் தொடங்கியது. தகப்பன் பெரும் பொருள் செலவிட்டு மகனுக்கு வாங்கிக் கொடுத்த நாணயம், பை நிரம்பும்போதே மதிப்புக் குறைய ஆரம்பித்துவிட்டது. மகன் பின்னாளில் பொர்தோ நீதிமன்றத்தில் பதவி வகித்தார். 1580இல் தன் கட்டுரைகளை வெளியிட்டபோது பிரெஞ்சில் வெளியிட்டார்.

அதற்கும் முன் அவர் வெளியிட்டது ஒரு மொழிபெயர்ப்பு. றேமோன் ஸெபோன் என்ற கற்றலோனிய இறையியலாளரின் இலத்தீன் நூலொன்று தகப்பனிடம் நீண்டகாலம் கிடந்தது. அறிஞர் ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்தது. தான் இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு, அதைப் பிரெஞ்சில் ஆக்கித்தா என்று தகப்பன் மகனிடம் கேட்டார். பியேர் 1568இல் இறந்தார், நூல் மறு ஆண்டு வெளிவந்தது. மகனுக்குத் தொட்டிலில் இலத்தீன் கொடுத்த தகப்பன் தன் முதுமையில் ஓர் இலத்தீன் நூலை வாசிக்க மகனின் பிரெஞ்சுக்காகக் காத்திருந்தார். இலக்கியத்தில் இப்படியான தந்தை - மகன் கதைகள் அதிகமில்லை.

அந்த இலத்தீன் முற்றாகச் செத்துவிட்டதா? மொந்தேனே பதில் சொல்கிறார். நாற்பது ஆண்டுகளாக அதைப் பேசவோ எழுதவோ பயன்படுத்தாத நிலையிலும், வாழ்க்கையில் இரண்டு மூன்று தடவைகள் பேரதிர்ச்சிக்கு ஆளானபோது அவருடைய அடிவயிற்றிலிருந்து முதலில் எழுந்த சொற்கள் இலத்தீன் சொற்களாகவே இருந்தன. அவற்றுள் ஒன்று, திடகாத்திரமாக நின்ற தகப்பன் திடீரென மயங்கித் தன்மேல் சாய்ந்த சந்தர்ப்பம். அந்தச் சொல் எதுவென்று அவர் எழுதவில்லை.

இதே காலத்தில் பாரிஸில் வேறொரு வீட்டிலும் குழந்தைகள் இலத்தீன் பேசி வளர்ந்தார்கள். அங்கே சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. றொபேர் எஸ்தியென் அன்றைய ஐரோப்பாவின் மிகச் சிறந்த அச்சகர்களுள் ஒருவர். அவருடைய அச்சகத்தில் பல நாடுகளிலிருந்து வந்த பத்துப் பேரளவில் பிழைதிருத்துநர்களாக வேலை செய்து அவ்வீட்டிலேயே உண்டு வாழ்ந்தார்கள். அவர்களுக்கிடையே பொதுமொழி இலத்தீன் ஒன்றுதான். சாப்பாட்டு மேசையில் உப்பைக் கேட்கவும் அதுதான். மனைவி பெறெத்தும் ஓர் அச்சகரின் மகள். அவருக்கும் இலத்தீன் விளங்கும். பிள்ளைகளும் பணியாட்களுங்கூடக் கேட்டுக் கேட்டே பழகினர். இதை மகன் ஆங்றி எஸ்தியென் பிற்காலத்தில் தன் பிள்ளைக்கு எழுதிவைத்தார். அந்த ஆங்றிதான் 1579இல் பிரெஞ்சு மொழியின் மேன்மையைப் பறைசாற்றும் நூலை எழுதியவர் என்பது மொந்தேனோடு சேர்த்து நினைக்கத் தகுந்தது. இலத்தீன் வீடுகள் இரண்டு, பிரெஞ்சுக்கு இரண்டு வல்லுநர்களைக் கொடுத்தன.

மொந்தேன் வீட்டில் இலத்தீன் ஒரு திட்டம். எஸ்தியென் வீட்டில் அது ஒரு தேவை. இந்த வேறுபாட்டை விளக்க நமக்கு ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. 1377இல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன், மொழி என்பது ஒரு 'மலகா' என்கிறார். கைவினைபோலப் பழகிப் பழகி உடம்பில் ஊறும் திறன் அது. இலக்கண விதிகளை அறிந்திருப்பது அந்தத் திறனைப் பற்றிய அறிவே தவிரத் திறன் ஆகாது. தையலின் நுட்பங்களை வாயால் விவரிக்கத் தெரிந்தவன் ஊசியைக் கையிலெடுத்தால் தைத்துவிட மாட்டான் என்பது அவர் தரும் உதாரணம். முதலில் ஊறிய மொழி, பின்னர் வரும் மொழிக்கு இடம் விடாது என்றும் சொல்கிறார். பிள்ளைகளை அடித்துக் கற்பிப்பது அவர்களின் ஊக்கத்தைக் கொன்று, பொய்யையும் வஞ்சகத்தையும் பழக்கும் என்று அவர் எழுதியது இராஸ்மஸுக்கு ஒன்றரை நூற்றாண்டு முந்தி. முஸ்லிம் நாடுகளின் குழந்தைக் கல்வியை ஒப்பிடும் அத்தியாயத்தில், மக்ரிபில் குர்ஆனை மட்டும் ஓதவைக்கிறார்கள், ஆகையால் அவர்களுக்கு அரபில் எழுத்துத் திறன் வாய்ப்பதில்லை, அந்தலூஸில் கவிதையும் உரைநடையும் இலக்கணமும் சேர்த்துக் கற்பிக்கிறார்கள், ஆகையால் அங்கே மொழி வளர்கிறது என்கிறார்.

அந்தப் பகுதியை வாசிக்கும்போது நமது ஓதப்பள்ளிகள் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. மொந்தேனிடம் புத்தகமின்றிப் பேச்சு இருந்தது. நம் பிள்ளைகளிடம் பேச்சின்றிப் புத்தகம் இருக்கிறது. வணக்கத்துக்காக ஓதுவதன் நோக்கம் வேறு, ஆகவே ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அளப்பது நியாயமல்ல. அரபெழுத்தைத் தமிழுக்கு இழுத்துவந்து அரபுத்தமிழில் எழுதி, வீட்டிலிருந்த பெண்கள்வரை வாசிக்கக் கொடுத்த நம் முன்னோர், கற்றோர் மொழியை வீட்டுக்குள் கொண்டுவரும் பிரச்சினைக்கு மொந்தேனின் தகப்பனுக்குத் தோன்றாத ஒரு விடையைக் கண்டிருந்தார்கள் என்பதை மட்டும் சொல்லிவைக்கலாம்.

பெண்களின் பக்கம் வருவோம். இலத்தீன் பாடசாலையின் வாசல் பெண்பிள்ளைகளுக்கு மூடப்பட்டிருந்த நூற்றாண்டுகளில், கற்ற பெண்கள் யாவரும் வீட்டில் கற்றவர்களே. இலண்டனில் தோமஸ் மோர் தன் வீட்டையே பள்ளிக்கூடமாக்கி, பெண்மக்களுக்கும் மகனுக்கும் ஒரேவிதமாக இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்தார். வெளியூரிலிருக்கும்போது பிள்ளைகளுக்கு இலத்தீனில் கடிதம் எழுதுவார். பதிலும் இலத்தீனில் வரவேண்டும். மூத்த மகள் மாக்ரெட் இராஸ்மஸின் இலத்தீன் நூலொன்றை ஆங்கிலமாக்கி 1520களில் அச்சேற்றினார். தலைப்புப் பக்கத்தில் அவர் பெயர் இல்லை. மகளின் புலமையைப் பாராட்டி எழுதிய தகப்பன், உன் கணவனும் நானும் ஆகிய இருவருமே உனக்குப் போதுமான வாசகர் கூட்டம் என்று எண்ணி நீ திருப்தியடைவதை மெச்சுகிறேன் என்ற பொருள்பட எழுதினார். உயர்ந்த மனிதர்தான், சந்தேகமில்லை. ஆனால் இரண்டு வாசகர்களுக்காக இவ்வளவு இலத்தீனா என்று கேட்கவேண்டியிருக்கிறது.

வோல்ட்டர் ஒங் என்ற அமெரிக்க அறிஞர் 1959இல் எழுதிய கட்டுரையொன்று இங்கு முக்கியமானது. மறுமலர்ச்சிக் கால ஐரோப்பாவில் இலத்தீன் கற்பது ஆண்பிள்ளைகளுக்கான ஒரு பருவச் சடங்காக இருந்தது என்பது அவர் வாதம். பிள்ளையைத் தாயிடமிருந்தும் வீட்டு மொழியிலிருந்தும் பிரித்து, ஆண்கள் மட்டுமே அறிந்த மொழியொன்றுக்குள் அடியோடும் வலியோடும் நுழைத்து, வளர்ந்தவனாக வெளியே விடுவது. இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால், வீட்டில் தாயின் மடியில் இலத்தீன் என்பதே அந்தச் சடங்கைக் கலைத்துவிடும் காரியம். பாடசாலைகள் அதை விரும்பாததில் வியப்பில்லை.

ஆனாலும் தாயின் மடியை நோக்கி ஒரு நகர்வு இருந்தது. மொறாவியாவிலிருந்து துரத்தப்பட்டு ஐரோப்பாவெங்கும் அலைந்த கொமேனியஸ், ஆறு வயதுவரை தாய்தான் பாடசாலை, பன்னிரண்டு வயதுவரை தாய்மொழிதான் பாடமொழி, இலத்தீன் அதற்குப் பிறகு வரட்டும் என்றார். 1658இல் நூரம்பேர்க்கில் அவர் வெளியிட்ட படப்புத்தகம் இலத்தீனையும் ஜேர்மனையும் அருகருகே வைத்து, நூற்றைம்பது படங்களில் உலகத்தைக் காட்டியது. காகம் கரைவதிலிருந்து எழுத்துகள் தொடங்கும். படத்திலுள்ள பொருளுக்கு இலக்கமிட்டு, அதே இலக்கத்தை வாக்கியத்திலும் இட்டிருப்பார். இன்று குழந்தைகள் கையிலிருக்கும் படஅகராதிகளின் மூதாதை அதுவே. மறு ஆண்டு ஆங்கிலத்திலும் வந்தது. அந்த அருமையான புத்தகத்தின் கடைசிப் பகுதியில் மதங்கள் பற்றிய பாடங்கள் வருகின்றன. இஸ்லாத்துக்கும் ஒரு பாடம் உண்டு. நபி (ஸல்) அவர்கள் பற்றி அன்றைய ஐரோப்பாவில் உலவிய அவதூறுக் கதையே அதில் குழந்தைக்கான எளிய இலத்தீன் வாக்கியங்களாகத் தரப்பட்டிருக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஐரோப்பியப் பிள்ளைகள் வினைச்சொற்களோடு சேர்த்து அதையும் மனனம் செய்தார்கள். கொமேனியஸைக் கல்வியின் தந்தை என்று போற்றும் நூல்களில் இந்தப் பக்கம் பற்றிய பேச்சைக் காண்பது அரிது.

ஜோன் லொக் 1693இல் இன்னும் ஒரு படி மேலே போனார். இலத்தீனை ஆங்கிலம் பழகுவதுபோல் பேச்சாலேயே பழக்கலாம், அதற்கு ஆள் கிடைக்காவிட்டால் தாயே கற்பிக்கலாம் என்றார். அவருக்கு இலத்தீன் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. இலத்தீன் சுவிசேஷம் ஒன்றை வாங்கி, ஓசை நீளும் இடங்களை யாரையேனும் கொண்டு அடையாளமிட்டு, தினமும் இரண்டு மூன்று மணி நேரம் பிள்ளையை வாசிக்கவைத்துத் தானும் சேர்ந்து படித்தால் போதும். வரிக்கு வரி ஆங்கிலமும் இலத்தீனும் தந்த ஈசாப் கதைநூலொன்று அவருடைய முயற்சியில் 1703இல் வெளிவந்தது. அதேவேளை, வியாபாரத்துக்குப் போகப்போகும் பிள்ளைக்கு இலத்தீன் கற்பிக்கத் தகப்பன் பணத்தையும் பிள்ளையின் காலத்தையும் வீணாக்குவதைவிட நகைப்புக்கிடமானது வேறென்ன என்று கேட்டவரும் அவரே. லொக்கின் காலத்தில்தான், 1671இல், இப்னு துபைலின் 'ஹை இப்னு யக்ழான்' ஒக்ஸ்போர்ட்டில் இலத்தீனில் வெளிவந்து பரபரப்பாகப் பேசப்பட்டது. தீவொன்றில் மான் வளர்த்த பிள்ளை, மனித மொழி எதுவும் அறியாமலே மெய்ப்பொருளை அடையும் கதை அது. மொழியற்ற குழந்தையின் கதையை ஐரோப்பா வாசித்தது, குழந்தைகள்மேல் அது சுமத்திய மொழியில்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வீட்டுக் கல்வி மிகக் கடுமையான முகத்தைக் காட்டிய இடம் ஜேம்ஸ் மில்லின் எழுத்து மேசை. இந்தியாவுக்கு ஒருமுறையும் வராமலே இந்திய வரலாறு எழுதி, நம் பகுதி பற்றிய ஆங்கில ஆட்சியாளரின் எண்ணங்களை உருவாக்கிய அதே மில். அந்த வரலாற்றை எழுதிக்கொண்டிருந்த மேசையின் மறுபக்கத்தில் 1806இல் பிறந்த மகன் ஜோன் ஸ்டூவர்ட் உட்கார்ந்திருந்தான். மூன்று வயதில் கிரேக்கம், எட்டாம் வயதில் இலத்தீன். அகராதியைப் பார்க்கத் தெரியாத பிள்ளை ஒவ்வொரு சொல்லுக்கும் தகப்பனின் பேனாவை நிறுத்தவேண்டியிருந்தது. இலத்தீனைத் தான் கற்கக் கற்கத் தங்கைக்கும் கற்பிக்க வேண்டும். அவளுடைய பாடம் பிழைத்தால் இவனும் பொறுப்பு. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்கு ஆசிரியனாவது இருவருக்குமே நல்ல ஒழுக்கப் பயிற்சியல்ல என்று அவர் பின்னர் எழுதினார். மொந்தேனின் வீட்டில் இசை கேட்டு எழுந்த குழந்தை எங்கே, இந்தக் குழந்தை எங்கே! 1826இல், இருபது வயதில், மில் மனமுடைந்து போனதை அவருடைய சுயசரிதை விரிவாகச் சொல்கிறது. இலத்தீன்தான் காரணம் என்று சொல்வது அபத்தம். ஆனால் பிள்ளையை ஒரு பரிசோதனையாக நடத்திய வீட்டின் விலை அதில் அடங்கியிருக்கிறது.

துப்பறியும் நாவல்களால் உலகறிந்த டொரத்தி சேயர்ஸ் 1893இல் பிறந்தவர். ஏழு வயதை எட்டும் தறுவாயில், கிராமத்துப் பாதிரியாரான தகப்பன் பழைய கறுப்பு இலக்கணப் புத்தகமொன்றோடு பிள்ளைகள் அறைக்குள் வந்து, இலத்தீன் தொடங்கும் வயது உனக்கு வந்துவிட்டது என்றாராம். அவருக்கு மறுப்பு இருக்கவில்லை. இலத்தீன் தெரிந்தால் தாயையும் மாமியையும் தாதியையும்விடத் தான் உயர்ந்துவிடலாம் என்பது அந்தக் குழந்தையின் கணக்கு. 1952இல் ஆற்றிய உரையில் அவரே நகைச்சுவையாகச் சொன்னது இது. இருபது ஆண்டுக் கல்விக்குப் பிறகும் ஓர் இலத்தீன் நூலைச் சரளமாக வாசிக்க முடியவில்லை என்பதும் அதே உரையில் உண்டு. ஒங்கின் நீண்ட கட்டுரைக்கு ஏழு வயதுப் பெண்பிள்ளையின் அந்தக் கணக்கு ஒன்றே போதுமான சான்று. அம்மொழியின் பயன் எதுவென்பதை அவள் சரியாகப் புரிந்துவைத்திருந்தாள்.

ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் நுழைவுக்கு இலத்தீன் கட்டாயம் என்ற விதியைக் கைவிட்டன. அதே பத்தாண்டில் கத்தோலிக்கத் திருப்பலியும் மக்கள் மொழிகளுக்கு மாறியது. பாடசாலைகள் இலத்தீனை ஒவ்வொன்றாக உதிர்த்தன. உதிர்ந்தது மீண்டும் வீடுகளில்தான் போய் ஒதுங்கியது. டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் ஒர்பேர்க், முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை இலத்தீனிலேயே அமைந்த பாடநூலொன்றை ஐம்பதுகளில் எழுதினார். மொந்தேனின் ஜேர்மனிய ஆசிரியரைப் புத்தகமாக மடித்து வைத்ததுபோன்ற நூல் அது. அமெரிக்காவில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாமல் வீட்டில் கற்பிக்கும் குடும்பங்கள் பல, பெரும்பாலும் கிறிஸ்தவக் குடும்பங்கள், எட்டு ஒன்பது வயதிலேயே இலத்தீனைத் தொடங்குகின்றன. அவர்களுக்கென எழுதப்பட்ட பாடநூல்களில் சில, கற்பிக்கும் தாய்க்கு இலத்தீன் ஒரு சொல்லும் தெரியாது என்று எடுத்துக்கொண்டே ஆரம்பிக்கின்றன. அவள் இரவில் ஒரு பாடத்தைப் படித்துவைத்து, காலையில் அதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். மொந்தேன் வீட்டுப் பணிப்பெண்களும் அந்துவானெத்தும் செய்தது ஏறக்குறைய இதைத்தான். ஒரு வித்தியாசம், இவளுக்கு மற்ற நேரங்களில் பிள்ளையோடு தன் சொந்த மொழியில் பேசத் தடையில்லை.